பந்தயத் தரகர் அணுகும் முன் விளையாட்டுச் சங்கம் செய்து முடிக்க வேண்டியவை

சிங்கப்பூரில் விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டப்படி நடத்தும் நிறுவனம் சிங்கப்பூர் பூல்ஸ் மட்டுமே. அதைக் கண்காணிப்பது 2022 ஆகஸ்ட் 1 அன்று அமைந்த சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம். எந்த ஆட்டத்தில், எப்போது, எவ்வளவு பணம் புரள்கிறது என்பது பந்தய நிறுவனத்துக்குத் தெரியும். ஆனால் கோல்காப்பாளருக்குக் கடன் கழுத்தை நெரிக்கிறது, நடுவரை யாரோ விருந்துக்கு அழைத்துப் போனார் என்பதெல்லாம் சங்கத்தின் காதுக்குத்தான் வரும். இரண்டு தகவலும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான், தரகர்கள் பணம் கொடுத்து ஆட்டத்தின் போக்கை மாற்றும் மோசடி பிடிபடும். அதில் சங்கத்தின் பங்கை எப்படிச் செய்வது என்பதே இங்கே.

சங்கத்தின் விதியை எழுதும்போது அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் நெறிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆறு குற்றங்களைச் சொல்கிறது: தன் விளையாட்டில் பந்தயம் கட்டுவது, ஆட்டத்தின் போக்கை மாற்றுவது, லஞ்சம் கொடுப்பது அல்லது வாங்குவது, உள்தகவலை (அணிக்குள் மட்டும் தெரிந்த செய்தியை) வெளியே விடுவது, மோசடிக்காக யாராவது அணுகியதைத் தெரிவிக்காமல் இருப்பது, விசாரணைக்கு ஒத்துழைக்க மறுப்பது. பல சங்கங்கள் இவற்றை எழுதிவிட்டு, விதி பொருந்துவோர் பட்டியலில் ஆட்டக்காரர்களை மட்டும் போட்டு நிறுத்திவிடுகின்றன. பயிற்றுவிப்பாளர், நடுவர், உடற்பயிற்சி மருத்துவர், உடைமைகளைப் பார்த்துக்கொள்பவர், தொண்டூழியர், செயற்குழு உறுப்பினர் எல்லாரும் அதில் இருக்க வேண்டும். தகவல் கசிவது பெரும்பாலும் அவர்கள் வழியாகத்தான். ஒவ்வொருவருக்கும் புரியும் மொழியில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். புரியாத தாளில் போட்ட கையெழுத்து ஒழுங்கு விசாரணையில் நிற்காது.

இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை. வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் கூடி விளையாடும் சூதுக்குச் சட்டம் விலக்கு தருகிறது. இணையவழி ஆடினால் அந்த விலக்கு கிடையாது. எனவே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ‘ஆளுக்குப் பத்து வெள்ளி’ என்று உலகக் கிண்ணத்துக்குப் பணம் திரட்டுவதை உடனே நிறுத்துங்கள். உரிமம் பெறாதவரிடம் பந்தயம் கட்டுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

உள்தகவல் கேட்டு வருபவர் மிரட்டிக்கொண்டு வருவதில்லை. “அண்ணே, சும்மாதான் கேக்குறேன், நாளைக்கு யாரு கீப்பர்?” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அணிப் பட்டியல் வெளியாகும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்து, அதுவரை அது எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். கசிந்தால் தேட வேண்டிய வட்டம் சிறியதாக இருக்கும்.

தோற்பது உறுதி என்று தோன்றும் ஆட்டங்களில் கூடுதல் கவனம் தேவை. பந்தயம் வெற்றி தோல்வியோடு முடிவதில்லை. மொத்த கோல் எத்தனை, வித்தியாசம் எத்தனை என்பதிலும் பணம் போகிறது. “எப்படியும் தோக்கத்தான் போறீங்க, 2-0 ஆனா என்ன, 4-0 ஆனா என்ன” என்ற பேச்சுக்கு நல்ல ஆட்டக்காரரும் மயங்கக்கூடும். இந்த வாக்கியத்தை அப்படியே விளக்கக்கூட்டத்தில் சொல்லிக் காட்டுங்கள். காதில் ஏற்கெனவே விழுந்த பேச்சு, நிஜத்தில் வரும்போது அடையாளம் தெரியும்.

நடுவர்களை நியமிக்கும் அதிகாரத்தை ஏற்பாட்டாளரிடமோ விளம்பரதாரரிடமோ கொடுக்கவே கூடாது. 2011 பிப்ரவரியில் துருக்கியின் அந்தால்யாவில் நடந்த இரு நட்புமுறை ஆட்டங்களில் விழுந்த 7 கோல்களும் பெனால்டி. அந்த நடுவர்களுக்கு ஃபிஃபா பின்னர் வாழ்நாள் தடை விதித்தது. இங்கேயே 2013 ஏப்ரலில், சிங்கப்பூரின் தெம்பனிஸ் ரோவர்ஸ் இந்தியாவின் ஈஸ்ட் பெங்காலைச் சந்தித்த ஏஎஃப்சி (ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு) கிண்ண ஆட்டத்துக்கு வந்திருந்த லெபனான் நடுவர்கள் மூவரை ஆட்டத்துக்கு முன்பே மாற்ற வேண்டியிருந்தது. அவர்கள் பெற்ற லஞ்சம் பணமல்ல, பாலியல் சேவை. மூவருக்கும் சிறை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் கண்ணில் எந்த அனுகூலமும் லஞ்சம்தான். 100,000 வெள்ளி வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்கள் மலேசியாவின் ஜோகூருக்கு ஆடப் போனாலும் அந்தச் சட்டம் பின்தொடரும்.

யாராவது அணுகினால் என்ன செய்வது என்பதில்தான் சங்கங்கள் அதிகம் தடுமாறுகின்றன. குறுஞ்செய்தி வந்தால் அழிக்கக் கூடாது, பேரம் பேசக் கூடாது, துப்பறியவும் கூடாது. திரையைப் படமெடுக்கும்போது பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. பெயரைத் தொட்டு எண்ணும் தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் செய்தி 24 மணி நேரத்தில் தானாக மறையும்படி அமைத்திருந்தால், வேறொரு கைப்பேசியால் உடனே படம் பிடியுங்கள். நேரில் பேசியிருந்தால் அன்றிரவே தேதி, நேரம், இடத்தோடு எழுதி வையுங்கள். தமிழில் சொன்னதைத் தமிழிலும் மலாயில் சொன்னதை மலாயிலும் சொன்ன சொல் மாறாமல் எழுத வேண்டும். கையில் பணம் திணிக்கப்பட்டிருந்தால் திருப்பிக் கொடுக்காமல், செலவழிக்காமல், உறையிலிட்டு அதிகாரிகளிடம் ஒப்படையுங்கள்.

இதை அணித்தலைவரிடம் முதலில் சொல்வது பெரிய தவறு. அவர் நல்லெண்ணத்தோடு “உண்மையாடா?” என்று சந்தேகத்துக்குரியவரிடமே கேட்பார், ஒரு மணி நேரத்தில் எல்லாச் செய்தியும் அழிந்துவிடும். செயற்குழு தானே விசாரணை நடத்தினாலும் இதே கதிதான். ஆகவே சங்கத்தில் இரண்டு நேர்மை அதிகாரிகளை நியமியுங்கள். ஒருவர் மீதே புகார் என்றால் மற்றவரிடம் போகலாம். தகவல் 24 மணி நேரத்துக்குள் அவர்களுக்கு வர வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். அவர்கள் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவை 1800-376-0000 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். தகவல் தருபவரின் அடையாளத்தைச் சட்டம் பாதுகாக்கிறது என்பதையும் ஆட்டக்காரர்களிடம் சொல்லுங்கள், வாய் திறக்க அதுவே பலருக்குத் தைரியம் தரும்.

மௌனமும் குற்றமே என்பதற்குப் பங்களாதேஷ் கிரிக்கெட் வீரர் ஷாகிப் அல் ஹசனைச் சொல்லலாம். தன்னை அணுகியதை அனைத்துலக கிரிக்கெட் மன்றத்திடம் தெரிவிக்காததற்காக 2019இல் அவருக்கு இரண்டாண்டுத் தடை, அதில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டது.

பந்தய விகிதம் (கட்டிய பணத்துக்கு எத்தனை மடங்கு கிடைக்கும் என்பது) திடீரென மாறியதாக எச்சரிக்கை வந்தால் உடனே யாரையும் குற்றவாளியாக்க வேண்டாம். முக்கிய ஆட்டக்காரரின் காயம் கசிந்தாலும் விகிதம் மாறும். அணிப் பட்டியல் வெளியான நேரத்தையும் விகிதம் மாறிய நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டியலுக்குப் பின் மாறியிருந்தால் பெரும்பாலும் இயல்பானது. முன்பே மாறியிருந்தால் கசிவைத் தேடுங்கள். ஆட்டம் நடக்கையில் காரணமே இல்லாமல் மாறியிருந்தால் ஆட்டக் காணொளியை அழியாமல் பாதுகாத்து, எச்சரிக்கையோடு சேர்த்து அதிகாரிகளுக்கு அனுப்புங்கள்.

பந்தயப் பழக்கத்தில் சிக்கிய ஆட்டக்காரர் தானாக வந்து சொன்னால், தேசியப் பிரச்சினைச் சூதாட்ட மன்றத்தின் 1800-6-668-668 எண்ணை அவர் கையில் கொடுங்கள். கடன்காரர் வாசலில் நிற்கும் நாளில்தான் தரகரும் வருவார்.