தேடலில் உங்கள் தளத்தை நீங்களே மறைத்துவிடாதீர்கள்

சிறு தொழில் நடத்துபவர்கள் தங்கள் இணையதளம் கூகுளில் மேலே வரவில்லை என்றால் உடனே குறுக்குவழி தேடத் தொடங்குகிறார்கள். விலை கொடுத்து மற்ற தளங்களிலிருந்து இணைப்புகள் வாங்கலாமா, தினம் ஒரு கட்டுரை ஏற்றலாமா, ‘முதல் பக்கம் நிச்சயம்’ என்று விளம்பரம் செய்பவரிடம் ஒப்படைத்துவிடலாமா என்று யோசனை ஓடுகிறது. நான் பார்த்த சிறிய தளங்களில் பெரும்பாலானவை பின்தங்கியிருந்ததற்குக் காரணம், அந்தத் தளங்களே தம் வழியில் போட்டுவைத்திருந்த தடைகள். அவை நீங்காத வரை எவ்வளவு செலவழித்தாலும் பயன் கிடைக்காது. அவற்றில் பலவற்றை நீக்கக் காசே தேவையில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது, தேடுபொறியை உள்ளேயே விடாமல் தடுத்துவைப்பது. தளம் உருவாகிக்கொண்டிருக்கும்போது, அரைகுறையாக யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று வடிவமைப்பாளர் தேடுபொறிகளைத் தடுப்பது வழக்கம். தளம் உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் அமைப்புகளுக்குள் ‘வாசிப்பு’ பக்கத்தில் இதற்கென ஒரு சிறு கட்டம் உண்டு. தளம் வெளியாகும் நாளில் அந்த டிக்கை எடுக்க மறந்தால், முகவரியைத் தட்டியவுடன் தளம் அழகாகத் திறக்கும், ஆனால் தேடலில் மட்டும் வராது. கூகுள் தேடல் பெட்டியில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம்கூட வரவில்லையென்றால் முதலில் இந்தத் தடையைத்தான் சந்தேகிக்க வேண்டும். உறுதியாகத் தெரிந்துகொள்ள கூகுள் சர்ச் கன்சோல் இருக்கிறது. எந்தப் பக்கம் கூகுளின் தேடல் பட்டியலில் இருக்கிறது, எது இல்லை, ஏன் இல்லை என்பதை அது காட்டுகிறது. கட்டணம் இல்லாத இந்தக் கருவியில் தளத்தைப் பதிவு செய்யாமலே பல ஆண்டுகள் ஓட்டுவது எனக்குப் புரியாத ஒன்று.

இங்கே இன்னொரு குழப்பமும் நேர்கிறது. ஒரு பக்கம் தேடலில் வரக் கூடாது என்றால் அதில் ‘பட்டியலிடாதே’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஇண்டெக்ஸ் குறிச்சொல்லைச் சேர்க்க வேண்டும். சிலர் அதைச் சேர்த்த கையோடு, தேடுபொறி எந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பிலும் அந்தப் பக்கத்தைத் தடுத்துவிடுகிறார்கள். ரோபாட்ஸ் கோப்பு தடுப்பது பக்கத்தைப் படிப்பதை மட்டுமே. படிக்கவே வழியில்லாத பக்கத்தில் என்ன குறிச்சொல் இருக்கிறது என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்? மறைக்க நினைத்த பக்கம் வெறும் முகவரியோடு தேடலில் தலைகாட்டக்கூடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த தளம் திடீரெனச் சரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், ‘சமீபத்தில் தளத்தைப் புதுப்பித்தீர்களா?’ என்றுதான் முதலில் கேட்பேன். புதிய வடிவமைப்பில் பக்கங்களின் முகவரிகள் மாறிவிடும். பழைய முகவரிகளுக்கு மற்ற தளங்கள் கொடுத்த இணைப்புகளும், அவை காலப்போக்கில் சேர்த்த மதிப்பும் ‘404, பக்கம் இல்லை’ என்ற அறிவிப்பில் போய் முட்டி நின்றுவிடும். ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்கு ஈடான புதிய பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பத்தால் அனுப்ப வேண்டும். சோம்பல்பட்டு எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பினால், அவற்றை இல்லாத பக்கங்களாகவே கூகுள் கருதக்கூடும். அந்தத் திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். முடிந்தால் எடுக்கவே வேண்டாம். புதுப்பிக்கும் வேலையை ஒப்படைக்கும்போதே பழைய முகவரிகளின் முழுப் பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

அடுத்தது சொற்கள். வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் ஒருவரின் தளத்தை எடுத்துக்கொள்வோம். முகப்பில் ‘வீட்டு உபயோகச் சாதனங்களுக்கான ஒருங்கிணைந்த சேவைத் தீர்வுகள்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. தேடல் முடிவில் தலைப்பாகக் காட்டப்படும் தலைப்புக் குறிச்சொல்லில் ‘முகப்பு’ என்ற ஒரே சொல். குளியலறைத் தரையில் தண்ணீர் தேங்கி நிற்க, கையில் கைபேசியோடு இருப்பவர் ‘சேவைத் தீர்வு’ என்றா தட்டப்போகிறார்? ‘வாஷிங் மெஷின் தண்ணீர் வெளியேறவில்லை’ என்றுதான் தட்டுவார். அந்தச் சொற்கள் தளத்தில் எங்குமே இல்லை. வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் என்ன சொல்லிக் கேட்கிறார்களோ அதை அப்படியே குறித்துவைத்து, தலைப்புகளிலும் முதல் வரிகளிலும் பயன்படுத்துவதைவிடச் சிறந்த ஆராய்ச்சி சிறு தொழிலுக்கு இல்லை என்பேன். அதற்காக ஒரே சொற்றொடரை வரிக்கு வரி திணிக்கவும் கூடாது. தேடல் சொற்களைப் பார்வையாளர் கண்ணில் படாமல் எழுதிவைக்கும் கீவேர்ட்ஸ் மெட்டா குறிச்சொல்லில் நூறு சொற்களை அடுக்குவதும் வெட்டி வேலை. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

செய்யும் பணிகள் அனைத்தையும் ஒரே பக்கத்தில் பட்டியலிடுவதும் பலவீனம்தான். முக்கியமான ஒவ்வொரு பணிக்கும் தனிப் பக்கம் வேண்டும். என்ன செய்வீர்கள், எவ்வளவு நேரம் பிடிக்கும், எது உங்களால் முடியாது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஆனால் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை ஐம்பது பிரதி எடுப்பதை, தேடலை ஏமாற்றும் உத்திகளுக்கு எதிரான கூகுளின் ஸ்பேம் விதிகள் தடை செய்கின்றன. 2024 மார்ச்சில் அந்த விதிகள் மேலும் இறுகின. தரவரிசையை மட்டும் குறிவைத்து, படிப்பவருக்குப் பயனில்லாமல் மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்கள், செயற்கை நுண்ணறிவு எழுதினாலும் ஆள் எழுதினாலும், விதிமீறலே.

விலைக்கு வாங்கும் இணைப்புகளைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: வேண்டாம். ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்புகளை வைத்து அதன் முக்கியத்துவத்தைக் கணிக்கும் பேஜ்ரேங்க் முறையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்ஜி பிரினும் உருவாக்கியதிலிருந்தே, போலி இணைப்புகளை விற்கும் வியாபாரமும் தழைத்தது. கூகுள் தன் தரவரிசை முறையில் 2012 ஏப்ரலில் கொண்டுவந்த ‘பெங்குவின்’ மாற்றம் அப்படி உயர்ந்த ஏராளமான தளங்களைக் கீழே தள்ளியது. இன்று வாங்கிய இணைப்பு பெரும்பாலும் கணக்கில் வராமல் பணம் வீணாகும். அதைவிட மோசமாக, கூகுளின் ஆட்களே பார்த்துத் தண்டனை விதிக்கவும் வாய்ப்புண்டு. உங்களுக்குப் பொருள் தருபவர், நீங்கள் உறுப்பினராக உள்ள தொழில் சங்கம், உங்கள் வேலையைப் பயன்படுத்திய நிறுவனம் ஆகியோர் தரும் சில நேர்மையான இணைப்புகள் போதும்.

கைபேசியை மறந்துவிடுவது இன்னொன்று. கூகுள் இப்போது தளத்தின் கைபேசி வடிவத்தைத்தான் படித்துப் பட்டியலிடுகிறது. கணினியில் மட்டும் தெரியும்படி விட்ட விவரங்கள் அதன் கண்ணில் படுவதில்லை. பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும் என்பது அதன் அளவுகோல். கேமராவிலிருந்து எடுத்த படத்தை அளவு குறைக்காமல் ஏற்றுவதுதான் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம். பணிகளின் விவரத்தையும் கட்டணத்தையும் எழுத்தாகத் தராமல் படமாக ஒட்டிவிடாதீர்கள்.

நேரில் சேவை தருபவர்களுக்கு, தேடலிலும் வரைபடத்திலும் நிறுவன விவரங்களைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இணையதளத்துக்கு இணையான முக்கியத்துவம் உடையது. பொருத்தம், தொலைவு, அறியப்பட்ட அளவு ஆகிய மூன்றையும் வைத்தே உள்ளூர் முடிவுகள் வரிசைப்படுகின்றன. நிறுவனப் பெயரோடு தேடல் சொற்களை ஒட்டவைப்பதும், தள்ளுபடி கொடுத்து மதிப்புரை வாங்குவதும் விதிமீறல்கள். மோசமான மதிப்புரைக்குப் பதில் எழுதாமல் விடுவது விதிமீறல் அல்ல, ஆனால் அடுத்து வரும் வாடிக்கையாளர் அதைத்தான் முதலில் படிக்கிறார்.

மாற்றங்களைச் செய்தபின் தினமும் தன் கைபேசியில் தானே தேடிப் பார்ப்பதும் தவறு. இருக்கும் இடத்தைப் பொறுத்து முடிவுகள் மாறும். நீங்கள் காண்பதை வாடிக்கையாளர் காண்பதில்லை. சில மாற்றங்கள் சில மணி நேரத்தில் தெரியும், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. சர்ச் கன்சோலில் 16 மாதம் வரையிலான விவரம் சேர்ந்திருக்கும். அதில் சராசரி இடம் 8க்கும் 20க்கும் இடையில் உள்ள, பலமுறை காட்டப்பட்டும் கிளிக் விழாத தேடல் சொற்களை வடிகட்டி எடுங்கள். அவற்றுக்குரிய பக்கங்களைத் திறந்து, தட்டப்பட்ட கேள்விக்கு முதல் பத்தியிலேயே பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிச் சேர்த்து, தலைப்பையும் திருத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்து அதே அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.