அல்கான்குவின் காட்டில் பறவை பார்க்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொராண்டோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 3 மணி நேரம் கார் ஓட்டினால் அல்கான்குவின் பூங்காவின் மேற்கு வாசல் வந்துவிடும். 1893-இல் உருவான பூங்கா இது. 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடும் ஏரியும் சதுப்புமாக விரிந்து கிடக்கிறது. ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ இலை சிவப்பதைப் பார்க்க இங்கே வருகின்றன. அது பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் பறவைக்காகவும் அதே நாட்களைத் தேர்ந்தெடுப்பது தவறு. கோடையில் கூடு கட்டிய வார்ப்ளர் போன்ற சிறு பறவைகளில் பெரும்பாலானவை அதற்குள் தெற்கே போயிருக்கும். கூட்டமோ நெரியும். வாகன அனுமதிச் சீட்டை 5 நாள் முன்பே இணையத்தில் எடுக்கலாம். வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பி, சீட்டு தீர்ந்து திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

பறவைக்கு ஏற்ற மாதம் மே. இரண்டாவது வாரத்திலிருந்து ஜூன் தொடக்கம் வரை காடு முழுக்கப் பாட்டாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், பிளாக்ஃபிளை என்ற கடிக்கும் கருப்பு ஈயும் அதே வாரங்களில்தான் கிளம்புகிறது. இது ஓடும் நீரில் பிறக்கிற ஈ. பகலில் கடிக்கும், அடர்நிறத் துணியைத் தேடி வரும். கருநீல ஜீன்ஸும் கருப்புச் சட்டையும் போட்டுக்கொண்டு போனால் நாமே அதைக் கூப்பிட்டது போல ஆகும். வெளிர்நிற முழுக்கைச் சட்டை போட்டு, பேன்ட் நுனியைக் காலுறைக்குள் செருகி, தலைக்கு ஒரு வலை போட்டுக்கொண்டால் போதும். ஈக்குப் பயந்து மே மாதத்தையே விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது பாதை. நெடுஞ்சாலை 60 பூங்காவுக்குள் 56 கிலோமீட்டர் ஓடுகிறது. காட்டுப் பாதைகள் பலவும் அதன் ஓரத்திலிருந்தே தொடங்குகின்றன. சென்டெனியல் ரிட்ஜஸ் பாதை 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மலைமுகட்டுக் காட்சி அற்புதம், கால்களுக்கும் நல்ல வேலை. ஆனால் நீளமான பாதையில் நிறையப் பறவை கிடைக்கும் என்று நினைப்பது தவறு. எனக்குப் பிடித்தது வெறும் ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்ப்ரூஸ் பாக் பலகைப் பாதை. கருப்பு ஸ்ப்ரூஸ் மரங்களும் பாசி மெத்தையுமாக, இன்னும் வடக்கே போனால்தான் கிடைக்கும் ஒரு நிலம் இங்கே ஒரு துண்டாக இருக்கிறது. ஸ்ப்ரூஸ் கௌதாரி இங்கேதான் பெயர் பெற்றது. ஆள் வந்தால் அது பறந்து ஓடாது; அப்படியே அசையாமல் நிற்கும். எல்லோரும் உச்சிக்கிளையைப் பார்த்துக்கொண்டே வேகமாகக் கடந்துபோக, அது காலடிப் பக்கம் தரையிலோ தாழ்ந்த கிளையிலோ உட்கார்ந்திருக்கும். இந்தப் பாதையை 20 நிமிடத்தில் முடிக்காதீர்கள். 2 மணி நேரம் கொடுங்கள். பலகையை விட்டு இறங்கவும் வேண்டாம், பாசியில் பதிந்த மிதி எளிதில் மறையாது.

நாள் முழுக்க நடக்க ஆசை என்றால் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நீளமுள்ள மிஸ்ஸி லேக் பாதைக்குப் போகலாம். ஏரி ஏரியாகச் சுற்றி வரும். அங்கே நாய்க்கு அனுமதி இல்லை.

இனி லூன். கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் 1987 முதல் இருக்கும் பறவை. இதன் விஷயத்தில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. லூனின் கால்கள் உடம்பின் பின்கோடியில் இருக்கின்றன. முக்குளிக்க அது வசதி, ஆனால் நிலத்தில் சரியாக நடக்க முடியாது. அதனால் தண்ணீரை ஒட்டியே கூடு கட்டி, பெரும்பாலும் 2 முட்டை இட்டு, 4 வாரம் போல அடைகாக்கும். விசைப்படகு கிளப்பும் அலை ஒன்று போதும், கூடு நனைந்துவிடும். நாம் துடுப்புப் படகில் சத்தமில்லாமல்தான் போகிறோம், ஆனாலும் படம் எடுக்கும் ஆசையில் நெருங்கிவிடுகிறோம். அப்போது அது சிரிப்பது போல நடுங்கும் குரலில் கத்தும். பலரும் ரசித்து, இன்னும் கிட்டே போகிறார்கள். அது சிரிப்பு இல்லை, அச்சக் குரல். இரவில் ஏரிக்கு ஏரி கேட்கும் நீண்ட ஊளைதான் அவை ஒன்றையொன்று கூப்பிடும் குரல். நடுங்கும் குரல் கேட்டாலோ, பறவை தண்ணீரில் நிமிர்ந்து நின்று உதைத்தாலோ, படகைத் திருப்பிவிடுங்கள். அப்புறம், மீன்பிடிக்கப் போகிறவர்கள் தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். ஏரியடியில் கிடக்கும் ஒரு சின்ன ஈயக் குண்டை விழுங்கினாலே லூன் செத்துப்போகும்.

கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைப்பதும் இதே வகைத் தவறு. தன் இடத்துக்குள் இன்னொரு பறவை வந்துவிட்டது என்று நினைத்து, கூட்டையும் இரையையும் விட்டுச் சண்டைக்கு வரும். மெர்லின் போன்ற செயலியை வைத்துக் காட்டின் குரலைக் கேட்டு அடையாளம் காணுங்கள், அது நல்ல பழக்கம். ஒலிபெருக்கியை மட்டும் தொடாதீர்கள்.

குளிர்காலத்தில் காடு காலி என்று நினைப்பவர்களுக்குக் கனடா ஜேயைக் காட்ட வேண்டும். சாம்பல் நிறத்தில், மனிதரிடம் அச்சமே இல்லாத பறவை. இலையுதிர்காலத்தில் தேடிய உணவைப் பசை போன்ற எச்சில் தடவி மரப்பட்டை இடுக்குகளில் ஒட்டி வைத்து, பனி மூடிய பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் கூடு கட்டும். இங்கே இதன் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாகக் குறைந்து வருகிறது. இலையுதிர்காலம் சூடாகிச் சேமிப்பு அழுகிப் போவதைக் காரணமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம் கையில் வந்து உட்காரும் என்பதற்காக உப்புப் போட்ட சிப்ஸையும் மிக்சரையும் நீட்ட வேண்டாம்.

கடைசியாக, திரும்பும் வழி. மே, ஜூனில் மூஸ் மான்கள் சாலையோரப் பள்ளத்தில் நிற்கும். குளிர்காலத்தில் சாலையில் தூவிய உப்பு அங்கே தேங்கிய நீரில் கரைந்திருக்கிறது, அதைக் குடிக்க வருகின்றன. ஒரு கார் நடுச்சாலையில் நின்றால் பின்னால் பத்துக் கார் நிற்கும். ஓரமாக முழுதும் ஒதுங்க இடம் இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். இருட்டிய பிறகு இன்னும் கவனம் வேண்டும். மூஸ் கரும்பழுப்பு நிறம், அதன் கண் முகப்பு விளக்கின் ஒளிக்கு மேலே இருப்பதால் பல சமயம் மின்னாது. மோதினால் காலில்தான் படும், உடம்பு முழுக்க முன்கண்ணாடி மேல் விழும். வேக எல்லை மணிக்கு 80 கிலோமீட்டர் என்று பலகை சொன்னாலும் அந்தி சாய்ந்த பிறகு அதற்கும் குறைவாகவே ஓட்டுங்கள்.