காரண எண் 311: என்கிரிப்ட் ஆன மேலாண்மை ஃபிரேம்களில் வைஃபை டிரைவர் செய்யும் தவறுகள்

என் லினக்ஸ் வைஃபை டிரைவரின் லாக்கில் இப்படி ஒரு வரி: ஆக்சஸ் பாயிண்ட் இணைப்பைத் துண்டித்தது, காரண எண் 311. அடுத்த முறை 87. இன்னொரு முறை, நிறைய தரவு ஓடிய பிறகு, 9,042. தரநிலையில் இப்படிப்பட்ட காரண எண்களே கிடையாது. இரண்டு நாள் ஆக்சஸ் பாயிண்ட்டையே சந்தேகப்பட்டேன். தவறு என் டிரைவரில் இருந்தது.

2009-இல் வைஃபை தரநிலைக்கு வந்த 802.11டபிள்யூ என்ற திருத்தம், டீஆத் (இணைப்பைத் துண்டிக்கும் செய்தி) போன்ற, இணைப்பை நிர்வகிக்கும் மேலாண்மை ஃபிரேம்களுக்குப் பாதுகாப்பு (பிஎம்எஃப்) தந்தது. 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை அதைக் கட்டாயமாக்கியது. சிசிஎம்பி என்ற என்கிரிப்ஷன் முறையில் பாதுகாக்கப்பட்ட ஒரு டீஆத் ஃபிரேமை எண்ணிப் பாருங்கள்: தலைப்பு 24 பைட், சிசிஎம்பி தலைப்பு 8, காரண எண் 2, கடைசியில் மிக் (ஃபிரேமை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் முத்திரை) 8. மொத்தம் 42 பைட். அதில் செய்தி இரண்டே பைட்.

சிப்பில் ஓடும் என் ஃபர்ம்வேர் மறையை அவிழ்த்துவிட்டு, அந்த 8 பைட் சிசிஎம்பி தலைப்பை அப்படியே விட்டிருந்தது. நானோ ‘ஐவி நீக்கப்பட்டது’ (ஐவி என்பது இங்கே அந்தச் சிசிஎம்பி தலைப்பு) என்ற கொடியை ஏற்றி, லினக்ஸின் வைஃபை அடுக்கான மேக்80211-க்கு அனுப்பினேன். அது காரண எண் என்று படித்தது சிசிஎம்பி தலைப்பின் முதல் இரண்டு பைட்டை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏறிக்கொண்டே போகும் பாக்கெட் எண்ணின் கீழ் 16 பிட்டை. தரவு ஓட ஓட எண் பெருத்தது அதனால்தான்.

தலைகீழாகவும் நடக்கும். ஃபர்ம்வேர் எல்லாவற்றையும் நீக்கி 26 பைட்டாகக் கொடுக்கிறது. நீங்கள் ‘அவிழ்த்தாயிற்று’ என்று மட்டும் சொல்கிறீர்கள். மேக்80211 இல்லாத 8 பைட் தலைப்பையும் 8 பைட் மிக்கையும் கழித்துப் பார்க்கும், நீளம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், ஃபிரேமைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். இதைக் கண்டுபிடிப்பதுதான் இன்னும் கஷ்டம். இன்னொன்று: ‘ஐவி நீக்கப்பட்டது’ என்று சொன்னால், பழைய ஃபிரேமைத் திரும்ப அனுப்புகிறார்களா என்று பார்க்கும் வேலையும் ஃபர்ம்வேர் தலையில் விழுகிறது. அது உண்மையில் பார்க்கிறதா என்று கேட்காமல் அந்தக் கொடியைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, வரும் எல்லா மேலாண்மை ஃபிரேமுக்கும் ‘அவிழ்த்தாயிற்று’ என்று முத்திரை குத்துவது. அந்தக் கொடி இருந்தால் மேக்80211 பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி விட்டுவிடும். எவரோ போலியாக அனுப்பிய வெறும் டீஆத்கூட உள்ளே வந்துவிடும். எதைத் தடுக்க இந்த ஏற்பாடோ அதுவே நடக்கும். ஃபிரேமின் பாதுகாப்பு பிட்டைப் பார்த்த பிறகே கொடி ஏற்ற வேண்டும். அதிலும் விதிவிலக்கு உண்டு. லினக்ஸின் ஏத்10கே டிரைவரில் ஒரு குறிப்பு இருக்கிறது: பழைய டபிள்யூஇபி என்கிரிப்ஷனின் பகிர்சாவி ஆத் (அடையாளச் சோதனை) ஃபிரேம் பாதுகாப்பு பிட்டோடு அவிழ்க்கப்படாமலே வரும், பிஎம்எஃப் ஃபிரேமோ அதே பிட்டோடு அவிழ்க்கப்பட்டு வரும். பிட் ஒன்றுதான், பொருள் இரண்டு.

அனுப்பும் பக்கத்தில் பெரிய ஆபத்து பாக்கெட் எண்ணை யார் போடுவது என்பதில் இருக்கிறது. தரவு ஃபிரேமுக்கு ஃபர்ம்வேர் ஒரு எண்ணி (கவுண்ட்டர்), மேலாண்மை ஃபிரேமுக்கு டிரைவர் தனியாக ஒரு எண்ணி என்று பிரித்துக்கொண்டால், சிசிஎம்பி-யில் ஓரளவு தப்பிக்கலாம்: அதன் நான்ஸில் (ஒரு சாவியில் ஒரே முறை மட்டும் வரவேண்டிய எண்) மேலாண்மை ஃபிரேமைக் குறிக்கும் பிட் தனியாக இருக்கிறது. ஜிசிஎம்பி என்ற இன்னொரு என்கிரிப்ஷன் முறையில் அது கிடையாது. அனுப்புநர் முகவரி 6 பைட், பாக்கெட் எண் 6 பைட், அவ்வளவுதான் நான்ஸ். ஒரே சாவியில் ஒரே நான்ஸ் இரண்டு முறை போனால் மறை மட்டுமல்ல, ஃபிரேமின் நம்பகத்தன்மையைக் காக்கும் உள்சாவியே வெளிப்படக்கூடும். ஒரு சாவிக்கு அனுப்பும் எண்ணி ஒன்றே இருக்கட்டும். பெறும் பக்கத்தில் மட்டும் மேலாண்மை ஃபிரேமுக்குத் தனி எண்ணி வேண்டும்; இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மிக்குக்கு எப்போதும் 8 பைட் ஒதுக்குவதும் தவறு. ஜிசிஎம்பி-க்கும் சிசிஎம்பி-256-க்கும் 16 வேண்டும்.

முதல் முறை வந்த ஃபிரேம் சரியாக அவிழ்கிறது, மறுமுயற்சியில் வந்தது மட்டும் மிக் பிழை என்கிறதா? மிக் கணக்கில் சேரும் தலைப்பு விவரமான ஏஏடி-யைக் கணக்கிடும்போது ரீட்ரை, பவர், மோர்டேட்டா ஆகிய மூன்று பிட்டையும் பூஜ்ஜியமாக்க வேண்டும். வன்பொருள் அதைச் செய்யவில்லை. ஏத்9கே டிரைவர் ஏஆர்9280 முதலான சிப்களில் இதற்கென்றே ஒரு மாஸ்க்கை ரெஜிஸ்டரில் எழுதுகிறது. அனுப்பும்போது சிப்பால் முடியாவிட்டால் மேலாண்மை ஃபிரேமை மட்டும் மென்பொருளில் என்கிரிப்ட் செய்யச் சொல்லும் கொடி மேக்80211-இல் இருக்கிறது. தயங்காமல் பயன்படுத்துங்கள்; இவை மிகச் சில ஃபிரேம்கள், வேகம் குறையாது.

பிராட்காஸ்ட் டீஆத்தில் பாதுகாப்பு பிட் இருக்காது. அது என்கிரிப்ட் ஆவதில்லை. கடைசியில் 18 பைட் எம்எம்ஐஇ (மிக்கைச் சுமக்கும் பகுதி) ஒட்டப்படும், 256 பிட் வகைகளில் 26. பிட் இல்லையே என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். ஃபர்ம்வேரும் மேக்80211-உம் ஆளுக்கொரு எம்எம்ஐஇ ஒட்டிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவியை அழிக்கும் நேரமும் முக்கியம். டீஆத் இன்னும் ஃபர்ம்வேர் வரிசையில் நிற்கும்போதே சாவியை நீக்கினால் அது வெறுமனே வெளியே போகும், எதிர்முனை அதை நம்பாது, இணைப்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். வரிசை காலியானதை உறுதிசெய்துவிட்டுச் சாவியைத் தொடுங்கள்.

நிஜ சிப் இல்லாமல் ஓடும் போலி டிரைவரான மேக்80211_எச்டபிள்யூசிம்-இல் சோதனைகள் தேறிவிட்டன என்று நிம்மதி அடைய வேண்டாம். அங்கே என்கிரிப்ஷன் முழுக்க மென்பொருளில் நடக்கிறது, ஃபர்ம்வேரே கிடையாது. மானிட்டர் பயன்முறையில் இன்னொரு கணினியை வைத்து, காற்றில் போகும் டீஆத்தைப் பிடித்து, எஃப்சிஎஸ் (ஃபிரேமின் கடைசியில் வரும் பிழைச் சோதனை எண்) நீங்கலாக, சிசிஎம்பி-யில் 42 பைட் இருக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.