க்வில்ட் துணி ஆன்லைனில் விற்க: முதலில் ஒரு சதுரத்தைத் துவைத்துப் பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ ஈரோடு ஜவுளிச் சந்தையிலோ எடுத்த காட்டன் துணி, சட்டைக்கு நன்றாயிருக்கும். துண்டுத் துணிகளை ஒட்டுத் தைத்து, நடுவே பஞ்சு வைத்துச் செய்யும் க்வில்ட் விரிப்புக்கும் அப்படியே பொருந்திவிடாது. நூறு துண்டு சேர்த்துத் தைத்த விரிப்பில் ஒரு துண்டு சாயம் விட்டாலும் முழுதும் பாழ்.

அதனால் ரோல் வந்ததும் 50 செ.மீ. சதுரம் வெட்டித் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அளந்துபாருங்கள். 48 செ.மீ.க்கு வந்தால் சுருக்கம் 4 சதவீதம். பாவுப் பக்கமும் (நீளவாக்கு நூல்) ஊடைப் பக்கமும் (குறுக்கு நூல்) தனித்தனியே அளக்க வேண்டும். தறியில் இழுபட்டு நிற்பது பாவு என்பதால் பெரும்பாலும் நீளத்தில்தான் கூடச் சுருங்கும். இரண்டு அளவையும் விற்பனைப் பக்கத்தில் போடுங்கள்.

சிவப்பு, கருநீலத் துணிகளை நனைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரி போடுங்கள். கறை படிந்தால் அந்த ரோலை க்வில்ட்டுக்கென்று விற்காதீர்கள். ‘தனியாகத் துவைக்கவும்’ என்று எழுதிப் பயனில்லை. வெள்ளையோடு சேர்த்துத் தைத்த பிறகு தனியாக எப்படித் துவைப்பது? காட்டன்தானா என்ற சந்தேகம் இருந்தால் நாலு நூலை உருவிக் கொளுத்துங்கள். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டி மணியாகும்.

44 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டருக்கு நான்கு ‘ஃபேட் குவார்ட்டர்’ (க்வில்ட் தைப்பவர்கள் வாங்கும் கால் பங்குத் துண்டு) கிடைக்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 × 56 செ.மீ. ரோலின் முனை கோணலாக இருக்கும். ஒரு நூலை உருவி, அந்தக் கோட்டில் நேராக்கிவிட்டு வெட்டத் தொடங்குங்கள். பத்து மீட்டரில் 40 என்பது காகிதக் கணக்கு. சோதனைத் துண்டும் முனையும் போக 38 என்று வைத்தே விலை போடுங்கள். அதே டிசைன் அடுத்த ரோலில் வேறு ஷேடாக வரலாம். லாட் எண்ணை (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியின் எண்) குறித்து, ஓர் ஆர்டருக்கு ஒரே லாட்டிலிருந்து கொடுங்கள்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். பூ எவ்வளவு பெரிது என்பது தெரியாமல்தான் பல துணிகள் திரும்பி வருகின்றன.

ஜிஎஸ்டி பதிவில்லாதவர்கள், விற்றுமுதல் வரம்புக்குள் இருந்தால், 2023 அக்டோபர் 1 முதல் ஆன்லைன் சந்தைத் தளங்கள் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் விற்கலாம். அதற்கு ஜிஎஸ்டி பதிவுக்குப் பதிலாக, ஜிஎஸ்டி தளத்தில் ‘என்ரோல்மென்ட்’ எண் மட்டும் பெற வேண்டும். வெளிமாநிலத்துக்கு ஜிஎஸ்டி பதிவு தேவை.

கூரியரில் பலரும் ஏமாறுவது, க்வில்ட்டின் நடுவே வைக்கும் பஞ்சு விரிப்பை அனுப்பும்போது. எடை குறைவு, பருமன் அதிகம். நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதைப் பல கூரியர்கள் கிலோவாகக் கணக்கிடுகின்றன: 30 × 25 × 10 பெட்டிக்கு 1.5 கிலோ. இறுக்கச் சுருட்டிக் கட்டுங்கள்.

ஏற்காட்டில் இருப்பு வைப்பவர்கள் மழைக்காலப் பனிமூட்டத்தில் அட்டைப்பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது, பூசணம் பிடிக்கும். சுவரை ஒட்டாத அலமாரி வேண்டும். இஸ்திரிச் சூடு முழுதும் ஆறிய பிறகே கவரில் போட்டு ஒட்டுங்கள்.