சோலார் பேனலுக்கு எந்த வேகம்? இரண்டு வேக நீச்சல்குள பம்பை ஓட்டும் முறை

கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ, ஸ்டாக்டன் பக்கம் குளம் வைத்த வீடுகளின் கூரையில் கறுப்பு பேனல்களைப் பார்க்கலாம். இவை கரண்ட் எடுக்கும் பேனல்கள் அல்ல. பாலிப்ராப்பிலீன் குழாய்களை நெருக்கமாக அடுக்கிச் செய்தவை. குளத்துத் தண்ணீரே இவற்றுக்குள் ஏறி, வெயிலில் சூடாகி, திரும்பக் குளத்துக்கு இறங்கும். ஏற்றிவிடுவது ஃபில்டர் பம்ப்தான். 1 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள ஃபில்டர் பம்புக்குக் குறைந்தது இரண்டு வேகமாவது வேண்டும் என்று 2008-இல் அங்கே விதி வந்ததால், இரண்டு வேக பம்ப் பல வீடுகளில் உண்டு. எதை எப்போது போடுவது என்பதில்தான் புதிதாக வந்தவர்கள் தடுமாறுகிறார்கள்.

முதலில் கணக்கு. அதிக வேகம் என்பது நிமிடத்துக்கு 3450 சுற்று, குறைந்த வேகம் 1725. சுற்று பாதியானால் ஓடும் தண்ணீரும் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் தண்ணீரை மேலே தள்ளும் சக்தி கால் பங்காகிவிடும். கரண்ட் செலவும் நன்றாகவே குறையும்: கணக்குப்படி எட்டில் ஒன்று, மோட்டாரின் இழப்பைச் சேர்த்தால் நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று வரும். அதனால் வெறுமனே தண்ணீரை வடிகட்ட குறைந்த வேகத்துக்கு இணை கிடையாது. கூரைக்கு ஏற்றுவது வேறு விஷயம்.

படி 1: உங்கள் பேனலுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பாருங்கள். 4 அடிக்கு 10 அடி பேனல் ஒன்றுக்கு நிமிடத்துக்கு சுமார் 4 காலன். பத்து பேனல் என்றால் 40 காலன். அதிக வேகத்தில் இதைத் தரும் பம்ப், குறைந்த வேகத்தில் 20 கூடத் தராது.

படி 2: கூரை உயரத்தைச் சோதியுங்கள். இதற்கு ஃபில்டர் தலையில் இருக்கும் பிரஷர் கேஜே போதும். தண்ணீரை 2.31 அடி தூக்க 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தம் வேண்டும். பேனலின் உச்சி கேஜிலிருந்து 14 அடி உயரம் என்றால் 6 பிஎஸ்ஐ தூக்குவதற்கே போய்விடும். அதிக வேகத்தில் சோலாரை ஓடவிட்டு, குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்களில் காற்றுக் குமிழி முழுக்க நிற்கும்வரை காத்திருங்கள். அப்புறம் குறைந்த வேகத்துக்கு மாற்றி கேஜைப் பாருங்கள். முள் 6-க்குக் கீழே இறங்கினால் கூரையில் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். அங்கே இருக்கும் வேக்குவம் ரிலீஃப் வால்வு திறந்து காற்றை இழுக்கும். கொஞ்ச நேரத்தில் வாய்களில் வெள்ளை வெள்ளையாகப் பொடிக் குமிழிகள் வரத் தொடங்கும். குமிழி வருகிறதே என்று அந்த வால்வை அடைத்துவிடாதீர்கள். பம்ப் நிற்கும்போது பேனலில் உள்ள தண்ணீர் வடிவதற்கு வழிவிடுவதே அதுதான்.

மாடி வீடு என்றால் இந்தச் சோதனையே வேண்டாம், சோலாருக்கு அதிக வேகம்தான். தரைத்தள வீட்டில் சில சமயம் குறைந்த வேகத்திலும் குமிழி வராது. அப்படியிருந்தாலும் அடுத்ததைப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

படி 3: திரும்பி வரும் தண்ணீரில் கை வையுங்கள். குளத்தைவிட 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதலாக, லேசான வெதுவெதுப்பாக இருந்தால் சரி. சுடச்சுட வந்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், உண்மை நேர்மாறு. தண்ணீர் மெதுவாகப் போய்ப் பேனல் கொதித்தால், அந்தச் சூடு காற்றில் வீணாகிறது. நன்றாக ஓடும் பேனலை நடு வெயிலில் தொட்டாலும் கை சுடாது.

படி 4: வேகத்தை மாற்றும் வேலையை கன்ட்ரோலரிடம் விடுங்கள். ஒரு சென்சார் குளத்துத் தண்ணீர்க் குழாயில், இன்னொன்று கூரையில் வெயில் படும் இடத்தில். கூரை போதுமான அளவு சூடானதும் கன்ட்ரோலர் மோட்டார் வால்வைத் திருப்பித் தண்ணீரைக் கூரைக்கு விட்டு, ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் வழியாகப் பம்பை அதிக வேகத்துக்கு மாற்றும். குளம் நீங்கள் வைத்த சூட்டை, உதாரணமாக 84 டிகிரி ஃபாரன்ஹீட்டை, எட்டியதும் பழையபடி குறைந்த வேகம். இரண்டு வேகத்துக்குமான வயர்களிலும் ஒரே நேரத்தில் கரண்ட் போனால் மோட்டார் எரிந்துவிடும். ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவும் ரிலேதான் வேண்டும். 230 வோல்ட், அதுவும் தண்ணீர் பக்கத்தில். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

படி 5: டைமர். அந்த ஊர்களில் மாலை 4 முதல் 9 வரை கரண்ட் விலை ஏறும் கட்டணத் திட்டங்கள் உண்டு. வெயில் நேரம் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடுவது நமக்கு வசதி. காலையில் குறைந்த வேகம், 10 மணிவாக்கில் சோலார் கேட்டால் அதிக வேகம், 4 மணிக்கு நிறுத்தம். வடிகட்டல் போதவில்லையென்றால் 9 மணிக்கு மேல் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள்.

இரவில் குளத்தை மூடி போட்டு மூடுங்கள். சூடு அதிகம் போவது தண்ணீர் ஆவியாவதால்தான். மூடி இல்லாமல் பேனலை மட்டும் கூட்டுவது காசுக்குக் கேடு.

குளிர்காலத்தில் சோலார் வால்வை மூடி, பேனலில் தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டதா என்று பாருங்கள். உள்ளே தேங்கியது ஓர் இரவு உறைந்தாலும் குழாய் வெடித்துவிடும்.