கொழுந்துக் கத்தரிக்கு ஆக்கவுரிமை எடுக்கும்போது

தலவாக்கலையிலோ ஹட்டனிலோ தேயிலைக் கொழுந்து வெட்டும் புதுக் கத்தரி ஒன்றைச் செய்து அதற்கு ஆக்கவுரிமை (பேட்டன்ட்) எடுக்கப்போனால், முதலில் பார்க்கவேண்டியது அதை யாருடைய பட்டறையில் செய்தீர்கள் என்பதைத்தான். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கண்டுபிடிப்பது உங்கள் வேலையில் சேராவிட்டாலும், தோட்ட நிர்வாகத்தின் தொழில்துறைக்குள் அதன் கருவிகளையோ தரவுகளையோ கொண்டு செய்தால் உரிமை நிர்வாகத்துக்கே போகும். வேலை ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இருந்தால் மட்டுமே விலக்கு. உங்களுக்கு நியாயமான ஊதியம் கேட்கலாம், அவ்வளவுதான். ஆகவே வெல்டிங்கை வெளியே காசு கொடுத்துச் செய்து, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

அடுத்து, விண்ணப்பிக்குமுன் எந்தக் கம்பனிக்கும் காட்டாதீர்கள். நீங்களே வெளியிட்டிருந்தால் ஒரு வருடத்துக்குள் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். பல வெளிநாடுகளில் அந்தச் சலுகையும் இல்லை.

பலர் சறுக்குவது கோரிக்கைகளை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் சொல்லும் வரிகளை, எழுதும்போதுதான். “2 மில்லிமீற்றர் எஃகுத் தகடு” என்று எழுதினால், கம்பனி அலுமினியத்தில் செய்து தப்பிவிடும். “வெட்டிய கொழுந்தைத் தாங்கும் தட்டு” என வேலையைச் சொல்லி எழுதுங்கள். அளவுகளைத் துணைக் கோரிக்கையில் வையுங்கள்.

உரிமை 20 ஆண்டு. புதுப்பிப்புக் கட்டணம் தவறினால் போய்விடும்.

உரிமையை மீறியவர்மீது போடும் வழக்கு நீளும். கார்க் கண்ணாடியைத் துடைக்கும், விட்டுவிட்டு இயங்கும் வைப்பரைக் கண்டுபிடித்த ரொபர்ட் கேர்ன்ஸ் 1978இல் ஃபோர்ட் கார்க் கம்பனிமீது வழக்கிட்டார், 1990இல்தான் 10.2 மில்லியன் டொலர் கிடைத்தது. வரைபடங்கள், திகதியிட்ட குறிப்பேடு, கடிதப் பிரதிகள் எதையும் எறியாதீர்கள்.