மாருதி 800 ரன்னிங் போர்டு துரு: காசை எங்கே போடணும், எங்கே போடக் கூடாது

களியக்காவிளை பக்கம் பழைய கார் வாங்கப் போனால் எல்லாரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்போம், டயரைத் தட்டிப் பார்ப்போம், அடியில் குனிந்து பார்க்க மாட்டோம். நானும் அப்படித்தான். தேங்காப்பட்டணத்தில் கடலுக்குப் பக்கத்திலேயே கிடந்த 1998 மாருதி 800, விலையும் குறைவு, எடுத்துவிட்டேன். மூன்றாவது வாரம் பஞ்சர். ஜாக்கியை வைத்துச் சுற்றச் சுற்ற வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் ஏறியது. அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு ரன்னிங் போர்டுக்குள் போய்விட்டது.

800-க்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது. பாடிதான் எல்லாம். கதவுக்குக் கீழே ஓடுகிற ரன்னிங் போர்டு வெளித் தகடும் உள் தகடும் சேர்ந்த ஒரு பெட்டி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அதுதான் இழுத்துப் பிடித்திருக்கிறது. உள் தகடு போனபிறகு வெளித் தகட்டை மட்டும் புதுசாகப் போட்டு பெயின்ட் அடித்தால் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

என் வண்டியில் அதைத்தான் யாரோ செய்திருந்தார்கள். கிரைண்டர் வைத்து வெளித் தகட்டைத் திறந்தால் உள்ளே மலையாளப் பேப்பரைச் சுருட்டி அடைத்து, அதன்மேல் விரல் கனத்துக்குப் பட்டி பூசியிருந்தது. ஒரு துண்டில் ஓணம் தள்ளுபடி விளம்பரம் இன்னும் தெளிவாகப் படிக்க முடிந்தது. "எல்லாம் துரும்பாணல்லோ" என்று சிரித்தார் பாறசாலை டிங்கர் சேட்டன். அவர் துருவைச் சொன்னார். நம்ம ஊர்த் துரும்பு என்று எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை, தொட்டால் அப்படித்தான் உதிர்ந்தது.

சரி, வேலைக்கு இறங்கும் முன்னால் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை எடுத்து ரன்னிங் போர்டு நெடுகத் தேய்த்துக்கொண்டே போங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. அப்புறம் கார்பெட்டைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவர் முனையால் தளத்தைக் குத்திப் பாருங்கள், நல்ல தகடு கணீர் என்கும், செத்த தகடு டொக் என்கும். முன்பக்க சஸ்பென்ஷன் டவர், லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கை) மாட்டும் இடம், பின் அச்சைப் பிடிக்கிற பிராக்கெட், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், இவற்றிலும் ஓட்டை இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், வண்டியை எடைக்குப் போடுங்கள். ஆர்சி தேதியையும் பாருங்கள். 15 ஆண்டு முடிந்த வண்டியை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும், அந்தக் கட்டணத்தையும் பசுமை வரியையும் சேர்த்துக் கூட்டிய பிறகும் கட்டுப்படியானால்தான் தகட்டில் காசு போடலாம்.

எனக்கு ஒரு பட்டறையில் ஒரு பக்கத்துக்கு 26,000 கேட்டார்கள், கடைசியில் பதினோராயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. காரணம் ஒன்றுதான்: வெல்டிங்குக்கு மட்டும் கூலி கொடுத்தேன், கழற்றுவது, சுரண்டுவது, கடைசிப் பூச்சு எல்லாம் நானே. சீட், கார்பெட், கதவோரம் போகும் வயரிங் இதையெல்லாம் பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், அதற்குப் போய் டிங்கரின் நாள்கூலியைச் செலவழிப்பானேன்.

வெளித் தகடு அச்சில் அடித்ததாகவே ஸ்பேர் கடையில் கிடைக்கும். உள் தகட்டுக்கு இரண்டு வழி. காயலான் கடையில் அதே மாடலில் நல்ல துண்டு வெட்டி வாங்கலாம், ஆனால் கடலோர வண்டியில் வெட்டியதை வாங்காதீர்கள், நம்ம துருவைக் கொடுத்து இன்னொருத்தர் துருவை வாங்கின கதையாகிவிடும். மதுரை, கோயம்புத்தூர் மாதிரி கடல் இல்லாத ஊர் வண்டி நல்லது. தேவைக்கு மேல் இரண்டு இஞ்ச் விட்டு, கேஸ் கட்டர் இல்லாமல் கிரைண்டரில் வெட்டித் தரச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் 18 கேஜ் சிஆர் (பூச்சில்லாத, குளிர்நிலையில் உருட்டிய இரும்பு) தகடு வாங்கி, பழைய வடிவத்துக்கு அட்டையில் மாதிரி வெட்டிக்கொண்டு பெண்டிங் மெஷின் இருக்கும் இடத்தில் மடித்துக்கொள்ளலாம். நான் செய்தது இதுதான். துருப் பிடிக்காதே என்று ஜிஐ (துத்தநாகம் பூசிய) தகட்டை எடுக்காதீர்கள், வெல்டிங் சூட்டில் துத்தநாகப் புகை வரும், மூச்சுக்குக் கெடுதல், பற்றும் சரியாக விழாது.

வெட்டுவதற்கு முன்னால் செய்கிறதுதான் முக்கியம். பேட்டரி வயரைக் கழற்றுங்கள், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் சொல்லி பெட்ரோல் தெளிக்கிற) வண்டி என்றால் ஈசியு, அதாவது அந்தக் கம்ப்யூட்டரின் கனெக்டரையும். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் தளத்துக்கு அடியில்தான் ஓடுகின்றன, தீப்பொறி எட்டும் தூரம் என்றால் கழற்றி ஒதுக்கியே ஆகணும். தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வண்டியை ஸ்டாண்டில் நாலு பக்கமும் மட்டமாக நிறுத்தி, கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு சதுரக் குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்து அளவை எழுதிக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு வெட்டினால் பாடி இரண்டு மில்லி தொங்கும், அப்புறம் ஆயுசுக்கும் கதவை அடித்துச் சாத்த வேண்டியதுதான். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவே கூடாது.

பளபளக்கும் இரும்பு வரும்வரை வெட்டுங்கள். துரு மேலேயே புதுத் தகட்டை ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்கிற பட்டறையில் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். வெல்டிங் சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டுப் பற்றவைக்கும்) மெஷினில், ஒரு இஞ்ச் வைத்து, தள்ளிப்போய் இன்னொரு இஞ்ச், ஆறவிட்டு ஆறவிட்டு. ஒரே இழுப்பில் போனால் தகடு நெளியும். பழைய ஸ்பாட் வெல்டிங் இருந்த விளிம்பில் 8 மில்லி ஓட்டை போட்டு, ஒன்றரை இஞ்சுக்கு ஒன்றாக வெல்டிங்கால் நிரப்பலாம். உள் தகடு முழுக்க முடிந்து, அளவு சரிபார்த்த பிறகுதான் வெளித் தகடு. சேட்டனுக்கு ஒன்றரை நாள் ஆனது.

தகடு ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் இடத்தில் பற்றவைக்கும் முன்பே ஜிங்க் பிரைமர், முடிந்ததும் எபாக்சி பிரைமர், இணைப்பில் சீலர். கறுப்பு அண்டர்கோட்டிங் கடைசியில்தான், அதுவும் காய்ந்த, சுத்தமான தகட்டில் மட்டும். ஈரத் துரு மேல் அடித்தால் தண்ணீரை உள்ளே வைத்து மூடி போட்ட மாதிரி. பெட்டிக்குள் கேவிட்டி வாக்ஸ் (துரு தடுக்கும் மெழுகு), நீளக் குழாய் விட்டு இரண்டு முனையிலிருந்தும் அடியுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய, அது சஸ்பென்ஷன் புஷ் ரப்பரை ஊதவைத்துவிட்டு வீட்டு வாசலில் சொட்டும்.

அப்புறம் ரன்னிங் போர்டின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள். புதுத் தகட்டில் மறக்காமல் போடணும், பூச்சில் அடைபடாமலும் பார்க்கணும். எங்களுக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மழை விட்டதும் ஒரு சைக்கிள் ஸ்போக்கை அந்த ஓட்டைக்குள் விட்டு எடுத்துப் பாருங்கள். நான் ஜூனில் விட்டபோது வாக்ஸும் கொஞ்சம் செம்மண்ணும் வந்தது. துருச் செதில் எதுவும் வரவில்லை.